வடக்கு, ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு

எங்கள் கைடு அணியில் வடக்கு என்பது ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவில் படிக்கும் மோனிஷா. அவள் எங்கே இருக்கிறாளோ அந்தப் பக்கம் வடக்கு. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். பள்ளியில் சேர்க்கும்போது அங்க அடையாளங்கள் என்ற கட்டத்தில் ‘இடது முழங்கையில் மச்சம்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘வடக்கு’ என்று எழுதியிருந்தார்கள்.

பள்ளிக்கு இதனால் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. அவள் பெஞ்சு மாறி உட்காரும் நாட்களில் இந்திய வரைபடத்தைக் கழற்றி வேறு சுவரில் மாட்டுவோம். வருடத்துக்கு ஒருமுறை ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தலைமையாசிரியைக்குக் கடிதம் வரும். விளையாட்டு விழாவில் அந்த மாணவியைக் கோ-கோவில் சேர்க்க வேண்டாம், நீளம் தாண்டுதலில் சேர்ப்பதில் ஆட்சேபம் இல்லை என்று அதில் இருக்கும். தலைமையாசிரியை படித்துவிட்டுக் கோப்பில் வைத்துவிடுவார்.

ஆனால் மோனிஷாவால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. காலை வழிபாடு முடிவதற்குள் அவள் வேறு இரண்டு வகுப்புகளின் வரிசையில் நின்றுவிட்டு வந்திருப்பாள். குறும்பு என்று சொல்ல முடியாது. கூப்பிட்டால் வருவாள், சொன்னதைக் கேட்பாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே கால்கள் வேறு எங்கோ புறப்பட்டிருக்கும்.

நான் அதே பள்ளியில் சரித்திரம் எடுக்கிறேன். பெயர் தமயந்தி. கைடு கேப்டன் பொறுப்பும் என்னுடையது. மே மாதம் முப்பத்திரண்டு பிள்ளைகளை ஜவ்வாது மலைக்கு ஆறு நாள் கோடை முகாமுக்கு அழைத்துப் போனேன். பஸ் கிளம்பும் நேரத்தில் மோனிஷாவின் அம்மா ஷூ கம்பெனியிலிருந்து நேராக வந்து சேர்ந்தார். விரல் நுனிகளில் பசை காய்ந்திருந்தது. அனுமதிப் படிவத்தைப் பஸ்ஸின் பக்கவாட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

“இவள ஒக்கார வெக்கப் பாக்காதீங்க மிஸ். ஓடட்டும். சாப்பாட்டு நேரத்துல மட்டும் தட்டுக்குப் பக்கத்துல இருக்கச் சொல்லுங்க,” என்றார்.

“சரிங்க,” என்றேன்.

“எங்க தெருவுல இப்பல்லாம் யாரும் திசை பாக்கறதில்ல மிஸ். பழகிட்டாங்க,” என்று சொல்லிவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனார்.

முகாமில் பழகவில்லை. முதல் நாள் கூடாரங்களில் பாய் விரிக்கும்போது யாரும் வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று முகாம் தலைவி ஞானசௌந்தரி மேடம் சொன்னார். அவர் ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. கழுத்தில் விசிலும் கையில் ஒரு நோட்டுமாக எப்போதும் நடந்துகொண்டே இருப்பவர். முப்பத்தோரு பிள்ளைகள் மோனிஷாவின் பக்கம் கால் வருகிற மாதிரி பாயை விரித்தார்கள். அதற்குள் அவள் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். பாய்களைத் திருப்பினார்கள். அவள் திரும்பி வந்து வேறு மூலையில் படுத்தாள். மறுபடியும் திருப்பினார்கள். தூக்கத்தில் அவள் உருண்டுகொண்டே போனதால் காலையில் ஒருவர் பாய்கூட விரித்த பக்கம் இல்லை. யாருக்கும் சரியான தூக்கமும் இல்லை.

சமையல்காரர் கிழக்குப் பார்த்துத்தான் அடுப்பு மூட்டுவார். மோனிஷாவைப் பார்த்து நின்று வலது கைப் பக்கம் கிழக்கு என்று வைத்துக்கொண்டார். முதல் இரண்டு நாளில் அடுப்பை ஒன்பது முறை இடம் மாற்றினார். மூன்றாம் நாள் சாதம் அடிப்பிடித்தது. அவர் கரண்டியைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

மற்றபடி முகாம் வழக்கம்போல நடந்தது. கூடாரம் கட்டினோம், கயிற்றுப் பாலம் போட்டோம், பாத்திரம் இல்லாமல் கோதுமை மாவைக் குச்சியில் சுற்றிச் சுட்டுத் தின்றோம். முடிச்சுப் போடுவதில் மோனிஷாதான் முதலில் வந்தாள். நடந்துகொண்டே போட்டாள். ஆனால் நாலு நாளில் முகாம் முழுவதும் ஒரு பரபரப்பு ஒட்டிக்கொண்டது. பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் காரணமில்லாமல் எழுந்து போய் வேறு மரத்தடியில் உட்கார்ந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். எனக்கே தேநீர் டம்ளரை எங்கே வைத்தேன் என்று மறந்துகொண்டே இருந்தது.

ஐந்தாம் நாள் திசைகாட்டித் தேர்வு. நாலு அணிகளில் முதலில் மல்லிகை அணி. எட்டுப் பிள்ளைகள். அணித் தலைவி ரோஸ்லின், ஒன்பதாம் வகுப்பு. அவர்களை ஜீப்பில் ஏற்றி நாலு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இறக்கிவிட வேண்டும். கையில் ஒரு திசைகாட்டி, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், இரண்டு ஆரஞ்சு. அங்கிருந்து வடக்கே நடந்து வந்தால் முகாம் கொடிமரம். சூரியனைப் பார்த்து வழி கண்டுபிடிப்பது காப்பி அடிப்பதில் சேரும் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. மல்லிகை அணிப் பிள்ளைகள் காப்பி அடிக்க மாட்டார்கள்.

மோனிஷா கொடிமரத்தடியில் இருக்க வேண்டும். அவளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மேடம் இதை நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார்.

ஒன்பது மணிக்கு ஜீப் போனது. மோனிஷா கொடிமரத்தைச் சுற்றினாள். கொடிக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினாள். இருபது நிமிடம் ஆனது. அவள் முகம் வெளிறி வியர்த்திருந்தது.

“மிஸ், கால் துறுதுறுன்னு வருது மிஸ். ஒரே ஒரு சுத்து. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்.”

“பக்கத்துலயே,” என்றேன்.

போகச் சொன்னது நான்தான். இதை அன்றைக்கே மேடத்திடமும் சொன்னேன். இப்போதும் அதையே சொல்கிறேன்.

அவள் வரவில்லை. ஒன்பதே முக்காலுக்குத் தேட ஆரம்பித்தேன். மறுநாள் தடம் பார்க்கும் பயிற்சிக்காக மேடம் முந்தின நாளே காட்டுப் பாதையில் கூழாங்கல்லால் அம்புக்குறிகள் போட்டு வைத்திருந்தார். அம்புக்குறியைப் பார்த்தால் எந்தப் பிள்ளையும் அதன் வழியே போகும். மோனிஷா ஓடிப்போனாள். சில அம்புகளின் வழியே இரண்டு மூன்று முறை போய்த் திரும்பி வந்திருக்கிறாள் என்று காலடித் தடத்தில் தெரிந்தது. அவள் ஓடிய ஒவ்வொரு முறையும் காட்டுக்குள் எட்டுப் பிள்ளைகள் திரும்பித் திரும்பி நடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே நானும் ஓடினேன். எட்டு அம்மாக்களிடம் நான் நேரில் கையெழுத்து வாங்கியிருந்தேன். அவர்கள் முகம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஒருவர் எனக்கு முறுக்குப் பொட்டலம் கொடுத்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்கு அவளைக் கண்டுபிடித்தேன். மலைச் சரிவில் ஒரு சாமைக் கொல்லை, விதைப்புக்குக் காத்துச் சும்மா கிடந்தது. அதன் நடுவில் கற்களால் ஒரு வட்டமும், வட்டத்துக்குள் ஒரு கல்லும் இருந்தன. ‘நான் வீட்டுக்குப் போய்விட்டேன்’ என்பதற்கான குறி அது. அதற்குப் பிறகு அம்பு கிடையாது. மோனிஷா வட்டத்துக்குள் நின்று அடுத்தது எந்தப் பக்கம் என்று தேடிக்கொண்டிருந்தாள்.

“அப்படியே இரு,” என்றேன்.

விசில் ஊதினேன். அரை மணியில் மேடமும் முகாமுக்குக் காவலாக வந்திருந்த வனக்காவலரும் வந்து சேர்ந்தார்கள். பதினோரு மணிக்கே வந்திருக்க வேண்டிய மல்லிகை அணி இன்னும் வரவில்லை என்று மேடம் சொன்னார்.

“இவளைக் கொடிமரத்துக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா மேடம்?”

“வேண்டாம். இப்ப அவங்க எந்தப் பக்கம் இருக்காங்கன்னு தெரியாது. இவ நடந்தா அவங்களும் திரும்புவாங்க. முகாமுக்கு முன்னால ஓடைப் பள்ளம் இருக்கு. முள்ளு காட்டுதுன்னு நேரா இறங்கிடுவாங்க.” கொல்லையைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். “இங்க எந்தப் பக்கத்துல இருந்து வந்தாலும் பள்ளம் இல்ல. இவ இங்கயே நிக்கட்டும். அவங்க வர்ற வரைக்கும்.”

மோனிஷா என்னைப் பார்த்தாள்.

“உட்காரலாமா?” என்று மேடத்திடம் கேட்டேன்.

“வட்டத்துக்குள்ள என்ன வேணா பண்ணலாம்.”

“ஒக்காந்தா இன்னும் ஜாஸ்தியா துறுதுறுக்கும் மிஸ். நிக்கறேன்,” என்றாள் மோனிஷா.

மேடம் நேரத்தை நோட்டில் எழுதிக்கொண்டார். வனக்காவலர் ஒரு பக்கம் தேடப் போனார். மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மேடம் முகாமுக்குத் திரும்பினார். கொல்லையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம்.

“மிஸ், மணி எத்தன?”

“பன்னெண்டு அம்பது.”

கொஞ்ச நேரம் கழித்து, “இப்ப?” என்றாள்.

“பன்னெண்டு அம்பத்தொண்ணு.”

வலது காலை இடது காலில் தேய்த்தாள். இடது காலை வலது காலில் தேய்த்தாள். கழுத்தில் கட்டியிருந்த ஸ்கார்ஃபை அவிழ்த்து முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள். ஒன்றரை மணிக்கு முகாமிலிருந்து எலுமிச்சைச் சாதம் வந்தது. நான் உருட்டிக் கொடுத்தேன். வாங்கித் தின்னும்போது அவள் உடம்பு தானாக முன்னும் பின்னும் ஆடியது.

“ரோஸ்லின் அக்கா வந்துடுவாங்களா மிஸ்?”

“நீ நின்னா வந்துடுவாங்க.”

“ஓடினது தெரிஞ்சா திட்டுவாங்களா?”

“என்னைத்தான் திட்டணும்.”

அவள் அதை யோசித்தாள். பிறகு, “உங்களுக்கு எந்தப் பக்கம் போனா வடக்கு வரும் மிஸ்?” என்று கேட்டாள்.

“உன் பக்கம்.”

“எனக்கு?”

“நான் எடுக்கறது சரித்திரம்,” என்றேன்.

“எனக்கு எல்லாப் பக்கமும் தெற்குதான்,” என்றாள். “ரெண்டாவது படிக்கும்போதே பாத்துட்டேன். காம்பஸக் கையில வெச்சா முள்ளு என்னையே காட்டும். சரி, அந்தப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு ஓடுவேன். அங்கயும் நான்தான் இருப்பேன். அப்புறம் இன்னொரு பக்கம்.”

நான் அவளுக்கு எதிரில் மண்ணில் உட்கார்ந்தேன்.

“நானும் பன்னெண்டு வருஷத்துல ஏழு ஸ்கூல் மாறிட்டேன்,” என்றேன்.

“மாத்திட்டாங்களா மிஸ்?”

“நானே கேட்டு வாங்கினேன்.”

“இப்பவும் கேட்டிருக்கீங்களா?”

“போன மாசம் எழுதிக் குடுத்தேன்.”

வட்டத்தின் ஒரு கல்லைக் கால் விரலால் தள்ளினாள், மறுபடி அதே இடத்துக்கு இழுத்தாள்.

இரண்டு மணிக்கு மேல் தாங்க முடியவில்லை. ஒரு கால் வட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவள் வேண்டுமென்று செய்யவில்லை, அழுதுகொண்டிருந்தாள். நான் குனிந்து இரண்டு கணுக்காலையும் பிடித்துக்கொண்டேன். தையல் மெஷின் ஓடும்போது மேசையைத் தொட்டால் கையில் ஓர் அதிர்வு ஏறுமே, அப்படி இருந்தது. “பிடிச்சுக்குங்க மிஸ், விட்டுடாதீங்க,” என்றாள். என் கைகளும் எங்கோ போக வேண்டும் என்றுதான் இருந்தன. விடவில்லை.

அந்த நிலையில்தான் ஒரு மனிதர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் கான்வாஸ் பை, கையில் துணி மூட்டை. காலில் செருப்பு தேய்ந்து காகிதம் மாதிரி இருந்தது. கொல்லைக்குள் நேராக நடந்து வந்து வட்டத்துக்கு முன்னால் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னத் திசைகாட்டியை எடுத்து, மோனிஷாவையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இங்கனதானா,” என்றார்.

அவர் பெயர் வேலாயுதம். சாயல்குடிப் பக்கம். ராமேஸ்வரத்தில் மணல் எடுத்துக்கொண்டு காசிக்கு நடந்து போகிறவர். புறப்பட்டு ஆறு வருடம் ஆகிறதாம். காசி வடக்கே இருப்பதால் முள்ளைப் பார்த்தே நடந்திருக்கிறார்.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தி ஓசூர் வரைக்கும் போயிட்டேன். அங்க வச்சு முள்ளு திரும்பிருச்சு,” என்றார்.

“அது எங்க அத்த வீடு. லீவுக்குப் போனேன்,” என்றாள் மோனிஷா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்படியா தாயி. நல்லாருந்துச்சா?”

“ம். மாடி வீடு.”

“நான் ஒரு மணி நேரம் லேட்டு,” என்றார்.

வரும் வழியில் எட்டுப் பிள்ளைகளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை, ஆனால் மூங்கில் புதர்களுக்கு அந்தப் பக்கம் விசில் சத்தம் கேட்டது என்றார். காலையில் கேட்டது அங்கேயும் இங்கேயுமாக இருந்ததாம். மதியத்துக்கு மேல் கேட்டதெல்லாம் ஒரே பக்கமிருந்து வந்ததாம். நான் கணுக்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவர் மூட்டையை அவிழ்த்தார். உள்ளே வெளுத்த கடல் மணல், ஆறேழு கிலோ இருக்கும்.

“கங்கையில கரைக்கணும்னு கொண்டாந்தது. வடக்க இதுக்கு மேல எடமில்ல. இங்கனயே போட்டுர்றேன். ஒண்ணும் நெனச்சுக்கிடாத தாயி,” என்றார்.

“போடுங்க,” என்றாள்.

மணலை அவள் பாதங்களின் மேல் கொட்டி இரண்டு கையாலும் தட்டிக் குவித்தார். கடற்கரையில் பிள்ளைகள் செய்வது போலத்தான். பாதங்கள் மறைந்து கணுக்கால்வரை மணல் வந்தது. நான் கையை எடுத்தேன். அதிர்வு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து நின்றது.

“கனமா இருக்கு மிஸ்.”

“வலிக்குதா?”

“இல்ல. நல்லாருக்கு.”

வேலாயுதம் கும்பிட்டார். மீதமிருந்த எலுமிச்சைச் சாதத்தைக் கொடுத்தேன், சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டும், தெற்கு எந்தப் பக்கம் என்று கேட்டார்.

“எல்லாப் பக்கமும்தான்,” என்றாள் மோனிஷா.

அவர் நிழல் அதிகமாக இருந்த பக்கமாகப் பார்த்துக் கிளம்பினார்.

அதன் பிறகு நேரம் வேறு மாதிரி போனது. மோனிஷா மணி கேட்கவில்லை. கையைக் கண்ணுக்கு மேல் வைத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். ஓடைப் பள்ளம் நினைவுக்கு வரும்போதெல்லாம் விசிலை எடுத்து ஊதினேன். பதில் வரவில்லை. நாலரை மணிக்கு வனக்காவலர் வந்து இல்லை என்று தலையை ஆட்டினார், மூங்கில் புதர்ப் பக்கம் விசில் கேட்டதைச் சொன்னதும் அந்தப் பக்கம் போனார். வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. “மிஸ், நீங்க கொஞ்சம் ஒக்காருங்க. எனக்குக் கண்ணு சுத்துது,” என்றாள் மோனிஷா. உட்கார்ந்தேன்.

ஐந்து இருபதுக்கு ஒரு விசில் கேட்டது. நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. மல்லிகை அணியின் அழைப்பு அதுதான். கொல்லையின் ஓரத்தில் உண்ணிச் செடிகளை விலக்கிக்கொண்டு ரோஸ்லின் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக மற்றவர்கள். கைகால் எல்லாம் கீறல். ஒருத்திக்கு ஒரு ஷூ இல்லை. அந்தக் காலில் ஸ்கார்ஃபைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். எண்ணினேன். எட்டு. மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறையும் எட்டு.

ரோஸ்லின் வட்டத்துக்கு முன்னால் வந்து நின்று சல்யூட் வைத்தாள்.

“மல்லிகை அணி, எட்டுப் பேர், வந்து சேந்துட்டோம் மிஸ்.”

“எங்க போயிட்டீங்க?”

“முள்ளு சுத்திக்கிட்டே இருந்துச்சு மிஸ். நாங்களும் சுத்துனோம். ஒரே பாறைய நாலு தடவ பாத்தோம். தண்ணி தீந்துடுச்சு. சரின்னு ஒரு மரத்தடியில ஒக்காந்துட்டோம். மதியத்துக்கு மேல முள்ளு நின்னுடுச்சு. கொஞ்ச நேரம் நம்பல. ஆரஞ்சத் தின்னுட்டு மறுபடி பாத்தோம், அப்பவும் நின்னுட்டிருந்துச்சு. அப்புறம் நேரா வந்துட்டோம்.”

அவள் மோனிஷாவிடம் இடது கையை நீட்டினாள். கைடு வழக்கப்படி மோனிஷாவும் இடது கையைக் கொடுத்தாள். மற்ற ஏழு பேரும் வரிசையாக வந்து கை கொடுத்தார்கள். யாரும் யாரையும் திட்டவில்லை. நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஷூ இல்லாத பிள்ளை பக்கத்தில் வந்து என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

விசில் கேட்டு மேடமும் தாமரை அணிப் பிள்ளைகளும் ஒரு பாத்திரத்தில் தேநீர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேடம் எட்டுப் பேரையும் தானே எண்ணி நேரத்தை எழுதினார். பிறகு மோனிஷாவைப் பார்த்து, “போதும்மா. நீ நகரலாம்,” என்றார்.

மோனிஷா வலது பாதத்தை மணலிலிருந்து உருவி எடுத்தாள். அந்தரத்தில் வைத்துக்கொண்டு விரல்களை ஆட்டினாள். பிறகு அதே இடத்தில் திரும்ப வைத்தாள்.

“இன்னும் யாராவது வந்துட்டிருந்தா?” என்று கேட்டாள்.

மேடம் மூடிய நோட்டைத் திறந்தார். ரோஸ்லின் திரும்பிச் சரிவின் கீழ்ப்பக்கம் பார்த்தாள்.

கீழேயிருந்து வடக்கே போகும் எக்ஸ்பிரஸ் ஒன்று கொல்லைக்குள் ஏறி வந்துகொண்டிருந்தது. தண்டவாளம் இல்லாததால் மெதுவாகத்தான் வந்தது. வரப்பு வந்தபோது ஒவ்வொரு பெட்டியும் ஒருமுறை ஏறி இறங்கியது. எஞ்சின் வட்டத்துக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது. நாலு பெட்டிகள் கொல்லையிலும் மீதி சரிவிலுமாக இருந்தன. டிரைவர் முகம் கழுவத் தண்ணீர் கேட்டார், கொடுத்தோம். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு நடந்து வர ஐந்து நிமிடம் ஆனது. வெள்ளை உடையெல்லாம் செம்மண்.

“இங்க எத்தன நிமிஷம் நிக்கும்?” என்று மேடத்திடம் கேட்டார்.

மேடம் மோனிஷாவைக் காட்டினார். கார்டு அவளுக்கு எதிரில் குனிந்து அதையே மறுபடி கேட்டார்.

மோனிஷா கொஞ்சம் யோசித்தாள். “பத்து நிமிஷம் நிப்பேன் சார்,” என்றாள்.

அந்தச் செய்தி பெட்டி பெட்டியாகப் பின்னால் போனது. ஜனங்கள் காலி பாட்டில்களோடு அவசரமாக இறங்க ஆரம்பித்தார்கள். தாமரை அணிப் பிள்ளைகள் தேநீர் ஊற்றினார்கள், மல்லிகை அணிப் பிள்ளைகள் வரிசையை ஒழுங்குபடுத்தினார்கள். கார்டு பச்சைக் கொடியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, மோனிஷாவின் கால்களையே பார்த்தபடி நின்றார்.